வழிநூலும் வழிப்பாட்டும்

முதல்நூலின் முடிபுகளை ஏற்றுக்கொண்டு, தான் வேண்டும் வேறுபாடுகளையும் சேர்த்துச் சொல்வது வழிநூல் என்பது நன்னூலார் கொள்கை. இவ்விலக்கணம் பாட்டுக்கும் பொருந்துமா என்று ஆராய, ஆங்கில இசைக்குழு ஒன்றின் இசைத்தட்டு நல்ல இடம் தருகின்றது.

'ரோலிங் ஸ்டோன்ஸ்' குழுவினர் 2016 திசம்பரில் வெளியிட்ட 'புளூ அண்ட் லோன்சம்' என்பதே அது. பன்னிரண்டு பாடல்கள், ஒன்றேனும் அவர்கள் இயற்றியதன்று. எல்லாம் அமெரிக்கக் கறுப்பின மக்களின் 'புளூஸ்' பாடல்கள். ஓரடியை இருமுறை பாடி, மூன்றாமடியால் அதற்கு விடையிறுப்பது புளூஸின் பழைய வடிவம். ஒப்பாரி கேட்டுப் பழகிய செவிக்கு இது முற்றிலும் புதிதன்று. பருத்தித் தோட்டங்களில் உழைத்தோரிடையே வளர்ந்து, பின் சிக்காகோ நகரேறி மின்கித்தார் ஏந்திய இசை இது. மடி வாட்டர்ஸ் என்னும் பெரும்பாடகர் மிசிசிப்பியின் ஸ்டோவால் தோட்டத்தில் உழைத்தவர். 1941இல் ஆலன் லோமாக்ஸ் அங்கே சென்று, அமெரிக்கக் காங்கிரசு நூலகத்துக்காக அவர் குரலைப் பதிவு செய்தார். அவர் 1950இல் வெளியிட்ட பாட்டொன்றே இக்குழுவுக்குப் பெயர் தந்தது. ஆயினும் அவர் பாட்டு ஒன்றுகூட இத்தட்டில் இல்லாமை வியப்பே.

மூன்றே நாளில் பதிவான தொகுப்பு இது. அந்த விரைவு நன்மையே செய்திருக்கின்றது. 1964இல் இதே குழு தன் முதல் இசைத்தட்டிலும் பெரும்பாலும் பிறர் பாடல்களையே பாடிற்று. அன்று இளைஞரின் ஆர்வம் இருந்தது; துயரம் கடன் வாங்கியதாக இருந்தது. எழுபது கடந்த ஜாகரின் குரலில் இப்போது அக்கடன் ஓரளவு தீர்ந்திருக்கின்றது. அவர் ஊதும் ஹார்மோனிகா குரலினும் சிறப்பு. முப்பத்தேழு வயதில் மறைந்த லிட்டில் வால்டரின் வழியை அதில் தெளிவாகக் கேட்கலாம். குறை யாதெனில், பின்னோன் வேண்டும் வேறுபாடு மிகக் குறைவு. சில பாடல்கள் நல்ல மாணவன் எழுதிய படியைப் போல நின்றுவிடுகின்றன. வால்டரோ 'ஜஸ்ட் யுவர் ஃபூல்' என்னும் படி ஜான்சனின் பாட்டை எடுத்துத் தமதாகவே ஆக்கிக்கொண்டவர்! (இரண்டு தட்டுகளில் பன்னிரண்டு பாட்டைப் பரப்பி, கேட்போரை அடிக்கடி எழுந்து திருப்ப வைப்பது வணிகர் கைவண்ணம் போலும்.)

எனினும் முதல்வர் பெயரை மறையாமை இங்கே பெரிது. 1969இல் லெட் செப்பலின் குழு வெளியிட்ட 'ஹோல் லாட்டா லவ்' பாட்டில் தம் வரிகள் இருப்பதாக வில்லி டிக்சன் 1985இல் வழக்குத் தொடுத்தே தீர்வு பெற வேண்டியிருந்தது. இத்தட்டில் அவர் பாடல் இரண்டு. இரண்டும் அவர் பெயரோடு உள்ளன.

ஆயர் தாவார்ச் சுற்றுப்புறத் தோட்டங்களில் பால்மரம் சீவியோர் பாடியவையும் இத்தகைய உழைப்பாளர் பாட்டுகளே. ரப்பர் நின்ற நிலத்தில் செம்பனை வந்துவிட்டது, லயங்கள் கலைந்தன. அப்பாட்டுகளை இன்று மேடையில் மின்கித்தாருடன் பாடும் இளைஞர், 'நாட்டுப்பாடல்' என்ற ஒரு சொல்லோடு முடித்துக்கொள்கின்றனர். அவர்களைக் குறைகூறிப் பயனில்லை. எந்த லயத்தில் எந்தப் பாட்டி அதை முதலில் பாடினாள் என்பது பெரும்பாலும் எழுதப்படாமலே போயிற்று.

இத்தட்டின் கடைசிப் பாட்டு 'ஐ கான்ட் க்விட் யூ பேபி'. எரிக் கிளாப்டனின் கித்தார் அதில் சற்று மிகுதியாகவே பேசுகின்றது. டிக்சன் இயற்றிய அப்பாட்டை 1956இல் முதன்முதலாகப் பதிவு செய்த ஓடிஸ் ரஷ், இத்தட்டு வெளிவந்தபோது உயிரோடிருந்தார், 2018இல்தான் மறைந்தார். அவருடைய அப்பழைய பதிவும் இன்று கேட்கக் கிடைக்கின்றது; இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் ரஷ்ஷின் குரலே நெடுநேரம் செவியில் நிற்கின்றது.