யாத்திரிகன் நடை: பனியனும் கிருஷ்ண பிள்ளையும்

துன்பம் வந்துற்றபோது தெய்வத்தை நம்பிப் பொறுத்திருக்க வேண்டுமென்னும் உபதேசம் எல்லாச் சமயங்களிலும் உண்டு. அவ்வுபதேசம் மனிதனை நிமிர்ந்து நடக்கச் செய்கின்றதா, அன்றித் தலைவிதியென்று மூலையில் முடங்கச் செய்கின்றதா என்பதே ஆராயத்தக்க வினா. அதனை முன்னிட்டு, ஆங்கிலத்தில் ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட யாத்திரிகன் கதையையும், அதனைத் தழுவி எச். ஏ. கிருஷ்ண பிள்ளை தமிழில் இயற்றி 1894இல் வெளியான ‘இரட்சணிய யாத்திரிக’த்தையும் ஈண்டு ஒப்புநோக்கப் புகுகின்றோம்.

பனியன் கற்றுவல்ல பண்டிதரல்லர். ஊர் ஊராய்ச் சென்று பாத்திரங்களைப் பழுதுபார்க்கும் தொழிலாளி. உத்தரவின்றிப் பிரசங்கித்தாரென்று 1660இல் பெட்ஃபோர்டுச் சிறையில் அடைக்கப்பட்டு, ஏறக்குறைய 12 ஆண்டு அங்கே கிடந்தார். இனிப் பிரசங்கியேன் என்று ஒரு வாக்குக் கொடுத்திருப்பின் விடுதலை பெற்றிருக்கலாம், கொடுத்தாரல்லர். வீட்டிலோ மனைவியும் மக்கள் நால்வரும். அவருள் ஒருத்தி கண்ணிலாச் சிறுமி. சிறையிலிருந்தவாறே நாடாக்களுக்குத் தகட்டுமுனை பூட்டி, அக்கூலியால் குடும்பத்துக்கு உதவினார். இவ்வாறு துன்பத்தைத் தாமே சுமந்தவராதலின், அவர் சொல்லில் போலியான ஆறுதல் கிடையாது.

அவர் கதையின் அமைப்பை உற்றுநோக்குக. யாத்திரிகன் முதுகிலிருந்த பாவச்சுமை சிலுவையின் அடியில் கழன்று விழுகின்றது. கற்றுக்குட்டி ஆசிரியனாயின் கதையை அவ்விடத்திலேயே முடித்திருப்பான். பனியனோ அதனைக் கதையின் முற்பகுதியிலேயே வைத்துவிட்டார். பூதத்தோடு போர், மரண நிழற் பள்ளத்தாக்கு, தோழனைத் தீயிலிட்டுக் கொன்ற மாயச் சந்தை ஆகிய கொடிய சோதனைகள் யாவும் சுமை நீங்கிய பின்னரே வருகின்றன. விசுவாசம் துன்பத்தை விலக்கும் மந்திரமன்று, அதனூடே நடத்திச் செல்லும் ஆற்றலே என்பது இவ்வமைப்பாற் பெறப்படுகின்றது.

நூலின் சிகரமென்று யாம் கருதுவது அவநம்பிக்கை அரக்கனின் கோட்டையாகும். பாதை கரடுமுரடாயிருந்தமையால் யாத்திரிகர் இருவரும் மெத்தென்ற புல்வெளி வழியே விலகிச் சென்று அவன் கையில் அகப்படுகின்றனர். புதன் காலைமுதல் சனி இரவுவரை சோறின்றி, நீரின்றி, ஒளியின்றி இருட்டறையிற் கிடக்கின்றனர். அரக்கன் தடிகொண்டு புடைத்ததோடு அமையாது, உயிரை மாய்த்துக்கொள்ளுமாறும் உபதேசிக்கின்றான். முடிவில், வாக்குத்தத்தம் என்னும் திறவுகோல் தன் மார்பிலேயே இருப்பது தலைவனுக்கு நினைவு வருகின்றது. கையில் திறவுகோல் இருந்தும் நான்கு நாள் வதைபட்டது எங்ஙனமென வினவலாம். மனமுடைந்தவன் தன்னிடமுள்ளதை மறந்துவிடுகின்றான் என்பதே விடை. அப்பொழுதும் வெளிவாயிலின் இரும்புப் பூட்டு எளிதில் திறந்ததில்லை; வருந்தியே திருப்ப வேண்டியிருந்தது. தப்பியபின் இருவரும் அவ்விடத்தில் எச்சரிக்கைத் தூண் ஒன்று நாட்டிச் செல்கின்றனர். பின்வருவார்க்குப் பயன்படாத பொறுமை பொறுமையாகாது என்பது ஆசிரியர் கருத்துப்போலும்.

இனிக் குற்றமும் கூறுதல் நடுநிலையாளர் கடன். தலைவன் மனைவி மக்களின் ஓலத்தைக் கேளாவண்ணம் காதைப் பொத்திக்கொண்டு ஓடுகின்றான். பிழைப்பின்பொருட்டு இல்லாளையும் குழந்தைகளையும் ஊரில் விட்டுக் கடல் கடந்தோர் வழிவந்த நம் தோட்ட மக்களுக்கு இவ்விடம் நெஞ்சை உறுத்தாமற் போகாது. தான் மட்டும் கரையேறுவது அறமாகுமோ? பனியனே இக்குறையை உணர்ந்தார் போலும்! 1684இல் வெளியிட்ட இரண்டாம் பாகத்தில் மனைவியும் மைந்தர் நால்வரும் அவ்வழியே யாத்திரை செல்கின்றனர்.

கிருஷ்ண பிள்ளை திருநெல்வேலிச் சீமையில் 1827இல் வைணவ வேளாளர் குடியிற் பிறந்தவர், கம்பனில் தோய்ந்தவர், 1858இல் ஞானஸ்நானம் பெற்றவர். பிறந்த மதத்தைவிட்டு வேறு வழி நடந்த அவர்க்கு யாத்திரிகன் கதை ஏட்டுக்கதை மட்டுமன்று. ஆங்கில உரைநடையை 3,700க்கு மேற்பட்ட பாக்களில் ஐந்து பருவங் கொண்ட காப்பியமாக்கினார். மூலத்தில் விரித்துரைக்கப்படாத இயேசுவின் பாடுகளை அவர் பாடுமிடத்துத் தமிழ் உருகி ஓடுகின்றது. ஆங்கே அவர் பனியனை விஞ்சினார் என்போம். எனினும் காப்பிய மரபையொட்டிய வருணனைகளிலே யாத்திரிகன் கால் அடிக்கடி தங்கிவிடுகின்றது. பாமரனுக்காகப் பாமரன் எழுதிய கதை, பண்டிதர் கைப்பொருளாய்விட்டது. அந்நூலின் இசைப்பாக்கள் சில மட்டும் இன்றளவும் திருச்சபைகளிலே எளியோர் வாயிலும் ஒலிக்கின்றன. எளிமையே நிலைக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

கிறிஸ்தவர் அல்லாதாரும் இந்நூல்களைக் கற்றல் நன்று. வழி தவறினும் மீண்டு நடப்பதும், மூழ்குவோனின் தலையைத் தோழன் தாங்கிப் பிடிப்பதும் எம்மதத்தார்க்கும் உரியனவே. புலமையுடையார் எவரேனும் கிருஷ்ண பிள்ளையின் காப்பியத்தை அருஞ்சொற் களைந்து, தோட்டத்து வாசகசாலையில் ஒருவர் படிக்கப் பலர் கேட்குமாறு தெளிந்த உரைநடையில் தருவாராயின், அது தமிழ்மக்களுக்குச் செய்யும் பேருதவியாகும்.