சேணமில்லாத அதிகாரம்

ஆஸ்திரியாவின் தொன் ஹுவான் 1576 முதல் 1578 வரை நெதர்லாந்தில் ஸ்பெயின் மன்னரின் ஆளுநர். அவருடைய லாயத்துக் குதிரைகள் என்று ஓவியர் ஸ்ட்ராடானுஸ் வரைந்த படவரிசையை, ஆன்ட்வெர்ப்பில் பிலிப்ஸ் காலே செப்புத்தகட்டு அச்சுகளாக வெளியிட்டார். செதுக்கியவர்களில் ஹென்ட்ரிக் கோல்ட்சியுஸும் ஒருவர்.

பெரும்பாலான தாள்களில் சேணமில்லை, ஏறி அமர்ந்தவரும் இல்லை. ஸ்பெயின், நேப்பிள்ஸ், துருக்கி என்று ஊருக்கொரு சாதிக்குதிரை. இத்தனையையும் ஒரே லாயத்தில் கட்டிவைக்க முடிந்தவரின் பெருமையைச் சொல்ல அவர் முகம் தேவைப்படவில்லை.

வண்ணமும் கிடையாது. உளியை அழுத்தினால் கோடு தடிக்கும், தளர்த்தினால் மெலியும். அந்த ஏற்ற இறக்கத்திலேயே தொடைத்தசை புடைக்கிறது, பிடரி சுருள்கிறது. பிரபுக்கள் வளர்த்த குதிரையை, வியாபாரியும் வாங்கிப் புரட்டிப் பார்க்கும் தாளாக்கியது அச்சு.