இரண்டு அம்மாக்கள்

1966இல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' வந்தபோது சர்ச்சையெல்லாம் கொஞ்சம் தண்ணீரைப் பற்றித்தான். மழை நாளில் காரில் வந்தவனிடம் சிக்கித் திரும்பிய மகளின் தலையில் அம்மா தண்ணீரை ஊற்றுகிறாள். யாரிடமும் மூச்சு விடாதே என்கிறாள். இப்படி மூடி மறைக்கலாமா என்று பலர் கொதித்தார்கள்.

மறைக்கலாமா என்பது ஒரு கேள்வி. அவள் மறைப்பாளா என்பது வேறு.

அதற்கு விடை கதைக்குள்ளேயே இருக்கிறது. விஷயம் தெரிந்ததும் அவளும் அலறத்தான் செய்கிறாள். அக்கம்பக்கம் எட்டிப் பார்த்ததும், பெண் மழையில் நனைந்து வந்துவிட்டாள் என்று சமாளிக்கிறாள். வாயில் வந்த அந்தப் பொய்யில்தான் ஆத்திரம் வடிந்து நிதானம் பிறக்கிறது. ஊர் வாய்க்குப் பயந்தே வாழ்ந்தவளுக்கு வேறெது வரும்?

பிறகு ஜெயகாந்தனே காயை மாற்றி வைத்தார். 1972இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலிலும் அதே சம்பவம்தான்; ஆனால் அம்மா கனகம் கூச்சலை அடக்கவில்லை. விஷயம் ஊருக்கே தெரிந்துவிடுகிறது; மகள் கங்காவை அவள் அண்ணன் வீட்டை விட்டு விரட்டுகிறான். கனகமும் அச்சு அசலான அம்மாதான். அதே பயம் இவளை அலறவைத்தது.

பல வருஷம் கழித்து, தண்ணீர் ஊற்றிய அந்த அம்மாவின் கதையை கங்கா ஒரு பத்திரிகையில் படிக்கிறாள்.