மூலநூல் வழுவாமையும் நூல்வரிசையும்: ‘ஆன் ஹெர் மெஜஸ்டீஸ் சீக்ரெட் சர்வீஸ்’ படத்தை முன்வைத்து ஒரு மறுமதிப்பீடு

புதினத்தைத் தழுவிய திரைப்படங்களை ஆராய்வோர் பெரும்பாலும் முதலில் எழுப்பும் வினா, படம் மூலநூலுக்கு எந்த அளவு உண்மையாக அமைந்துள்ளது என்பதாகும். இயான் ஃபிளெமிங்கின் ஜேம்ஸ் பாண்ட் புதினங்களிலிருந்து உருவான படங்களுள், இவ்வினாவிற்குச் சாதகமான விடையாக எடுத்துக்காட்டப்படுவது பீட்டர் ஹன்ட் இயக்கத்தில் 1969இல் வெளிவந்த ‘ஆன் ஹெர் மெஜஸ்டீஸ் சீக்ரெட் சர்வீஸ்’. வெளிவந்த காலத்தில், ஷான் கானரியின் இடத்திற்கு வந்த ஜார்ஜ் லேசன்பியின் நடிப்பைப் பற்றிய பேச்சே மேலோங்கி நின்றது. பின்வந்த மறுமதிப்பீடுகள், 1963இல் வெளியான புதினத்தைப் படம் நெருங்கிப் பின்பற்றியதை அதன் தலையாய சிறப்பாகக் கொண்டன. இப்பாராட்டு தகுதியானதே. எனினும், எந்த மூலத்திற்கு உண்மை என்ற கேள்வி அதில் விடுபட்டுப்போகிறது.

படத்தின் மிகப் பெரிய குறையாகச் சுட்டப்படுவதிலிருந்தே தொடங்கலாம். மரபுச்சின்ன ஆய்வாளர் சர் ஹிலரி பிரே என்ற பெயரில் பாண்ட் ஆல்ப்ஸ் மலையுச்சிக்குச் செல்கிறான். மூக்குக்கண்ணாடி அணிந்திருப்பதைத் தவிரப் பெரிய மாறுவேடம் ஏதுமில்லை. ஆயினும், ப்ளோஃபெல்டிற்கு அவனை அடையாளம் தெரிவதில்லை. 1967இல் வந்த ‘யூ ஒன்லி லிவ் ட்வைஸ்’ படத்தில் இருவரும் நேருக்கு நேர் சந்தித்திருந்தனர். ஆனால் ஃபிளெமிங்கின் வரிசை வேறு. ‘தண்டர்பால்’ (1961) புதினத்தில் இருவரும் சந்திப்பதில்லை. ‘ஆன் ஹெர் மெஜஸ்டீஸ் சீக்ரெட் சர்வீஸ்’ புதினத்தில்தான் முதன்முறையாகச் சந்திக்கின்றனர். ‘யூ ஒன்லி லிவ் ட்வைஸ்’ அதற்கு அடுத்த ஆண்டில், 1964இல் வெளிவந்தது. எனவே திரையில் தெரியும் முரண், கவனக்குறைவால் நேர்ந்தது என்பதைவிட நூலைப் பின்பற்றியதற்குக் கொடுத்த விலை என்பதே பொருந்தும். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இதே படம் தன் பெயர்வரிசையில் முந்தைய பாண்ட் படங்களின் காட்சித் துணுக்குகளைக் காட்டித் தன்னை அவற்றின் தொடர்ச்சியாக அறிவித்துக்கொள்கிறது. கதைக்குள் நுழைந்ததும் அத்தொடர்ச்சியை மறந்துவிடுகிறது.

மூலம் என்பது கலப்பற்ற ஒன்று என்று கொள்வதும் இங்குக் கடினம். 1962இன் தொடக்கத்தில் ஃபிளெமிங் ஜமைக்காவில் இப்புதினத்தை எழுதிக்கொண்டிருந்தபோது, அதே தீவில் ‘டாக்டர் நோ’ படப்பிடிப்பு நடந்தது. அப்படத்தின் நாயகி உர்சுலா ஆன்ட்ரெஸ், புதினத்தில் மலையுச்சி விருந்தினருள் ஒருவராகவே பெயர் சுட்டப்படுகிறார். நூலைத் திரை தழுவுவதற்கு முன்பே நூல் திரையைத் தழுவிவிட்டது எனலாம்.

கதைப்போக்கில் ஒற்றுமைகள் பல: சூதாட்ட மேசையில் டிரேசியின் கடனைப் பாண்ட் ஏற்பது, மகளை மணந்துகொள்ளுமாறு டிராகோ பெருந்தொகை தர முன்வருவது, பனிச்சறுக்கில் தப்புவது, மணநாளிலேயே நிகழும் கொலை. வேறுபாடுகளுள் சில மேலோட்டமானவை. நூலில் பிரிட்டனின் வேளாண்மையைக் குறிவைக்கும் சதி, படத்தில் உலகளாவிய அச்சுறுத்தலாகிறது. பிரெஞ்சுக் கடற்கரை போர்ச்சுகலாகிறது. இவை பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை.

டிரேசியின் நிலை அத்தகையதன்று. புதினத்தின் நடுப்பகுதியில் அவள் ஏறத்தாழ மறைந்துவிடுகிறாள். பாண்ட் தப்பிவரும் இரவில் திடீரெனத் தோன்றுகிறாள். திருமணப் பேச்சு முடிந்ததும் மீண்டும் விலகுகிறாள். மலையுச்சித் தாக்குதலில் அவளுக்குப் பங்கில்லை. திரைக்கதையாசிரியர் ரிச்சர்ட் மெய்பாம் இங்குத்தான் நூலை மீறுகிறார். படத்தில் இருவரின் காதலுக்குத் தனிக் காட்சிகள் உண்டு. பனிச்சரிவில் சிக்கி ப்ளோஃபெல்டிடம் அகப்படுபவள் டிரேசி. அவளை மீட்பதும் தாக்குதலின் நோக்கமாகிறது. டயானா ரிக் நடித்த டிரேசி, ப்ளோஃபெல்டைக் கவிதை பேசித் திசைதிருப்புவதும் நூலில் இல்லாததே. இம்மாற்றங்கள் இல்லையெனில் நூலின் இறுதி அத்தியாயத்தைத் திரையில் அப்படியே காட்டியிருந்தாலும் அதன் வலி பார்வையாளரைச் சென்றடைந்திருக்குமா என்பது ஐயமே. நூலின் முடிவிற்கு உண்மையாக இருக்கும்பொருட்டு அதன் நடுவை மாற்றியிருக்கிறார்கள். ஒப்பீட்டுப் பட்டியல் இடும் ஆய்வுகள் இதனை ‘விலகல்’ என்று குறித்துவிட்டுக் கடந்துவிடும்.

படத்தால் காப்பாற்ற இயலாதது நூல்வரிசையைத்தான். ஃபிளெமிங்கிடம் டிரேசியின் மரணம் ஒரு முடிவன்று. அடுத்த புதினத்தில் பாண்ட் மனைவியை இழந்து நிலைகுலைந்தவனாக அறிமுகமாகிறான். ஜப்பானுக்கு அனுப்பப்பட்டு, அங்கு மறைந்து வாழும் ப்ளோஃபெல்டையும் இர்மா பண்டையும் எதிர்கொள்கிறான். துயரமும் பழியும் அங்கே ஒரு முழு நூலாக விரிகின்றன. அந்நூலின் பெயரை 1967ஆம் ஆண்டுப் படம் முன்னரே செலவழித்துவிட்டது. அப்போது டிரேசி திரைக்கே வந்திருக்கவில்லை. ஆகவே அதில் துயருக்கு இடமும் இல்லை. இர்மா பண்டாக நடித்த இல்ஸ ஸ்டெப்பாட், 1969 படம் வெளிவந்த சில நாட்களில் காலமானார். கானரி திரும்பிவந்த ‘டயமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர்’ (1971) ப்ளோஃபெல்டைத் தேடும் வேட்டையுடனேயே தொடங்குகிறது. ஆனால் அந்த வேட்டை எதற்காக என்று கூறும் ஒரு சொல்கூட அதில் இல்லை.

புதினத்தின் தொடக்கத்தில் ஒரு செய்தி உண்டு. பாண்ட் ஆண்டுதோறும் பிரான்சுக்குச் சென்று, ‘கேசினோ ராயல்’ புதினத்தில் இறந்த வெஸ்பரின் கல்லறையைக் காண்கிறான். 1969 படம் இதனை விட்டுவிட்டது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, வேறொரு நடிகர் பாண்டாக நடித்த ‘ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி’ (1981) ஒரு கல்லறையில் தொடங்குகிறது. ரோஜர் மூர் அங்கு மலர்களுடன் நிற்கிறார். கல்லில் டிரேசியின் இயற்பெயரான தெரெசாவும் 1969 என்ற ஆண்டும் பொறிக்கப்பட்டுள்ளன.