ஹைபர்னேட் ஆகாத கணினி: பரிகாரங்களின் தராதரம்

கணினி ஹைபர்னேட் ஆக மறுத்தால் சொல்லப்படும் பரிகாரங்கள் அநேகமாக ஐந்துதான். அந்த வசதியை ஒருமுறை நிறுத்தி மறுபடி இயக்குவது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணைப்பது. டிரைவர்களையும் பயாஸையும் புதுப்பிப்பது. விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாக நிறுவுவது. எதுவும் சரிவராவிட்டால் ஹைபர்னேட்டையே கைவிடுவது. ஐந்தும் யாரோ சிலருக்குப் பலித்தவைதான். ஆனால் எந்தப் பரிகாரம் எந்தப் பழுதுக்கு என்று யாரும் பிரித்துச் சொல்வதில்லை. விண்டோஸ் 10, 11 கணினிகளை முன்வைத்து அப்படிப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலில், ஹைபர்னேட் என்ன செய்கிறது? இன்டெல், மைக்ரோசாஃப்ட், டோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்கள் 1996-இல் வெளியிட்ட, கணினியின் மின்நிலைகளை வகுக்கும் ஏசிபிஐ வரையறையில் இதற்கு எஸ்4 நிலை என்று பெயர். ரேமில் இருப்பதையெல்லாம் சுருக்கி, சி டிரைவில் மறைந்திருக்கும் ஹைபர்ஃபில்.சிஸ் என்ற கோப்பில் எழுதிவிட்டு, கணினி மின்சாரத்தைத் துண்டித்துக்கொள்கிறது. அடுத்த முறை இயக்கும்போது அந்தக் கோப்பை ரேமுக்குத் திருப்பி, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. இடையில் ஒவ்வொரு வன்பொருளின் டிரைவரும் தன் சாதனத்தை அடக்கவும், பிறகு எழுப்பவும் வேண்டும். ஒரு டிரைவர் பிசகினாலும் முழுக் கணினியும் சிக்கிக்கொள்ளும்.

ஆகவே பழுது நேரும் இடங்கள் மூன்று. பவர் மெனுவில் ஹைபர்னேட் என்ற தேர்வே இல்லாமலிருப்பது ஒன்று. கட்டளை கொடுத்தும் கணினி முழுதாக அணையாதது இரண்டு. அணைந்தபின் பழைய நிலைக்குத் திரும்பாதது, அல்லது அழைக்காமலே விழித்துக்கொள்வது மூன்று. எந்தப் பரிகாரத்தையும் இந்த மூன்றில் எதைத் தீர்க்கிறது என்று கேட்டுத்தான் மதிப்பிட வேண்டும்.

முதல் பரிகாரம் மிகவும் பிரபலமானது. நிர்வாகி உரிமையோடு கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து பவர்சிஎஃப்ஜி /ஹெச் ஆஃப், பிறகு பவர்சிஎஃப்ஜி /ஹெச் ஆன் என்று கொடுப்பது. ஹைபர்ஃபில் கோப்பு அழிந்து புதிதாக உருவாகும். கோப்பு இல்லாமல் போனதோ கெட்டுப்போனதோதான் காரணம் என்றால் இது நேரடியாகத் தீர்க்கும்; தீங்கும் இல்லை. ஆனால் இதன் எல்லை அவ்வளவுதான். டிரைவரையோ பயாஸையோ இது தொடுவதில்லை. முதல் வகைப் பழுதுக்கு உரிய இதை மூன்று வகைக்கும் சொல்வதால், பலிக்காதவர்கள் கணினியே கெட்டுவிட்டது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

முதல் வகையிலும்கூட இதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: பவர்சிஎஃப்ஜி /ஏ. இந்தக் கணினியில் எந்தெந்த உறக்க நிலைகள் கிடைக்கும், கிடைக்காதவை ஏன் கிடைக்கவில்லை என்று அது பட்டியலிடும். ஹைபர்னேட் இயக்கப்படவில்லையா, பயாஸ் ஆதரிக்கவில்லையா, சரியான கிராஃபிக்ஸ் டிரைவர் இல்லாமல் அடிப்படை டிரைவரில் ஓடுகிறதா, ஹைபர்ஃபில் கோப்பு குறுக்கப்பட்ட வகையில் இருக்கிறதா என்பதெல்லாம் அதில் தெரியும். விண்டோஸ் 10-இல் முழு வகைக் கோப்பு ரேமின் 40 சதவீதம். குறுக்கப்பட்ட வகை 20 சதவீதம். குறுக்கப்பட்டது ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்புக்கு மட்டுமே போதும். அதில் ஹைபர்னேட் நடக்காது. 16 ஜிபி ரேம் உள்ள கணினியில் முழு வகைக் கோப்பு 6.4 ஜிபி. நினைவகம் நிரம்ப வேலை நடந்துகொண்டிருந்தால், சுருக்கிய பிறகும் அந்த இடம் போதாமல் போகலாம். அப்போது பவர்சிஎஃப்ஜி /ஹெச் /சைஸ் 100 என்று கொடுத்தால் ரேமின் முழு அளவுக்கும் இடம் கிடைக்கும். வசதியை நிறுத்தி இயக்குவதால் இந்தக் குறை தீராது. பவர்சிஎஃப்ஜி /ஏ எதையும் திருத்துவதில்லை. ஆனாலும் ஐந்து பரிகாரங்களுக்கும் முன்னால் நிற்க வேண்டியது அதுதான்.

இரண்டாவது பரிகாரம் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணைப்பது. இதன் மதிப்பைப் பலர் குறைத்தே எடைபோடுகிறார்கள். 2012-இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து, இந்த வசதி இயங்கும் கணினியில் ஷட்டவுன் என்பது முழு ஷட்டவுன் அல்ல. பயனரின் நிரல்களை மூடிவிட்டு, விண்டோஸின் கருவான கெர்னலையும் டிரைவர்களின் நிலையையும் அதே ஹைபர்ஃபில் கோப்பில் எழுதிவிட்டுத்தான் கணினி அணைகிறது. மறுநாள் அதே கெர்னல் தொடர்கிறது. நாள்தோறும் ஷட்டவுன் செய்பவரின் கணினியிலும் ஒரு டிரைவரின் கோணல் நிலை வாரக்கணக்கில் தொடர இது இடம் கொடுக்கிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால் எல்லாம் புதிதாகத் தொடங்கும். எனவே ரீஸ்டார்ட் செய்த உடனே ஹைபர்னேட் சரியாக நடந்து, சில நாள் கழித்துத் தடுமாறினால், சந்தேகிக்க வேண்டியது டிரைவரை. இந்த வகையில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணைப்பது பரிகாரமாக மட்டுமல்லாமல் சோதனையாகவும் பயன்படுகிறது. ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்களுக்கு இது கட்டாயம். பாதி உறங்கிய விண்டோஸின் டிரைவில் லினக்ஸ் எழுதினால் தரவு கெடும் அபாயம் உண்டு. கொடுக்க வேண்டிய விலை, கணினி தொடங்கச் சில நொடி கூடுவது மட்டும்தான்.

மூன்றாவது, டிரைவர்களையும் பயாஸையும் புதுப்பிப்பது. இரண்டாம், மூன்றாம் வகைப் பழுதுகளின் வேர் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. திரை கறுத்த பிறகும் விளக்கு எரிந்து, விசிறி ஓடிக்கொண்டிருந்தால், ஏதோ ஒரு டிரைவர் பதில் சொல்லாமல் நிற்கிறது, அல்லது பயாஸ் மின்சாரத்தைத் துண்டிக்கவில்லை. ஆனால் எல்லா டிரைவர்களையும் ஒரே மூச்சில் புதுப்பிப்பது மோசமான வழி. சரியானால் எதனால் சரியானது என்று தெரியாது; கெட்டால் எதனால் கெட்டது என்றும் தெரியாது. கிராஃபிக்ஸ், சிப்செட், நெட்வொர்க் என்று ஒவ்வொன்றாக மாற்றிச் சோதிக்க வேண்டும். சமீபத்திய அப்டேட்டுக்குப் பிறகு பழுது தொடங்கியிருந்தால், பழைய டிரைவருக்குத் திரும்புவதே சரி. ஈவன்ட் வியூவரில் கெர்னல்-பவர் 42 என்ற பதிவு, கணினி உறங்கத் தொடங்கியதைக் காட்டும். அதே மூலத்தின் 41, கணினி முறையாக அணையாமல் மறுபடி தொடங்கியதைக் காட்டும். 41 காரணத்தைச் சொல்வதில்லை. ஆனால் 42-ஐத் தொடர்ந்து 41 வந்தால், பழுது உறங்கப் போகும்போதோ எழும்போதோ நேர்ந்தது என்று கொள்ளலாம்.

தானாக விழித்துக்கொள்ளும் கணினிக்கு டிரைவர் வேட்டை தேவையில்லை. பவர்சிஎஃப்ஜி /லாஸ்ட்வேக் எழுப்பிய சாதனத்தையும், பவர்சிஎஃப்ஜி /வேக்டைமர்ஸ் நேரம் வைத்து எழுப்பக் காத்திருக்கும் நிரலையும் காட்டும். நெட்வொர்க் கார்டுக்குத் தரப்பட்ட எழுப்பும் உரிமையைப் பறித்தாலே பல கணினிகள் அடங்கிவிடும்.

நான்காவது பரிகாரமான மறுநிறுவலுக்கு என் மதிப்பீடு கடுமையானது. பயாஸில் இருக்கும் பழுதை அது தீர்க்காது. டிரைவர் பழுதையும், அதே டிரைவர் விண்டோஸ் அப்டேட் வழியாகத் திரும்பி வரும்வரைதான் தள்ளிப்போடும். விலையோ ஒரு நாள் உழைப்பு, தரவு இழக்கும் அபாயம். மற்றதெல்லாம் பொய்த்த பிறகும் இதை ஒருமுறை தயங்கித்தான் தொட வேண்டும்.

ஐந்தாவது, கைவிடுவது. இதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் வலுவான வாதம், ஹைபர்னேட் எஸ்எஸ்டியைத் தேய்த்துவிடும் என்பது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு முறைக்கு 6 ஜிபி, நாளுக்கு இரண்டு முறை என்றால் ஆண்டுக்குச் சுமார் 4.4 டிபி. சாம்சங் 860 ஈவோவின் 500 ஜிபி மாடலுக்கு உற்பத்தியாளர் தரும் எழுத்து வரம்பு 300 டிபி. ஹைபர்னேட் மட்டும் அதைத் தொட அறுபது ஆண்டுகளுக்கு மேலாகும். பயத்துக்கு அடிப்படை இல்லை. மறுபுறம், புதிய லேப்டாப்கள் பலவற்றில் ரேமுக்கு மட்டும் மின்சாரம் தரும் பழைய எஸ்3 ஸ்லீப் இல்லை. அதற்குப் பதில் மாடர்ன் ஸ்டாண்ட்பை இருக்கிறது. மூடிய பிறகும் அதில் அவ்வப்போது வேலை நடப்பதால், பைக்குள் சூடாகி பேட்டரி தீர்ந்த கணினிகள் உண்டு. திறந்த வேலையைக் காப்பாற்றி, மின்சாரத்தையும் முழுதாகத் துண்டிக்கும் வழி ஹைபர்னேட் ஒன்றுதான். அதைக் கைவிடச் சொல்வது பழுதைப் பயனர் தலையில் கட்டுவதாகும்.

ஒப்பீட்டுக்கு லினக்ஸைப் பார்க்கலாம். அங்கே நிலைமை பல விதங்களில் இதைவிடக் கடினம். ரேமில் இருப்பதை எழுதிவைக்க டிஸ்கில் ஒதுக்கப்படும் ஸ்வாப் இடம் போதுமானதாக இருக்க வேண்டும்; எங்கிருந்து திரும்புவது என்று கெர்னலுக்குச் சொல்ல வேண்டும். 2012-இல் உபுண்டு 12.04 இந்த வசதியை இயல்பில் நிறுத்தியே வைத்தது. 2019-இல் கெர்னல் 5.4-இல் சேர்ந்த லாக்டவுன் என்ற பாதுகாப்பு வசதி, செக்யூர் பூட் இயங்கும் பல விநியோகங்களில் இதைத் தடுக்கிறது. ஆனாலும் பிஎம்_டெஸ்ட் என்ற சோதனை வசதி லினக்ஸிடம் உண்டு. நிரல்களை உறையவைப்பது வரை, சாதனங்களை அடக்குவது வரை, பயாஸ் வரை என்று படிப்படியாக ஓட்டி, ஒவ்வொரு படியிலும் சில நொடி நின்று திரும்பும். எந்தப் படியில் சிக்குகிறதோ அங்கேதான் பழுது. விண்டோஸ் சாதாரணப் பயனர் கையில் இதற்கு ஈடான ஒன்றைத் தரவில்லை.

தீர்ப்பு இதுதான். முதலில் பவர்சிஎஃப்ஜி /ஏ. அடுத்து ரீஸ்டார்ட் செய்து ஹைபர்னேட்டைச் சோதிப்பது. பிறகு ஈவன்ட் வியூவர். அதன்பின் ஒரு நேரத்தில் ஒரு டிரைவர். நிறுத்தி இயக்குவது முதல் வகைக்கு மட்டும். மறுநிறுவல் கடைசி. கைவிடுவது பரிகாரமே அல்ல. மைக்ரோசாஃப்ட் மீதும் ஒரு தீர்ப்பு சொல்ல வேண்டியிருக்கிறது. காரணத்தை வெளிப்படையாகச் சொல்லும் கருவியை உருவாக்கியது அந்நிறுவனத்தின் சாதனை. அதைக் கமாண்ட் ப்ராம்ப்ட்டுக்குள் ஒளித்ததும், பல கணினிகளின் பவர் மெனுவிலிருந்து ஹைபர்னேட்டை அகற்றியதும், ஷட்டவுன் என்ற பெயரில் பாதி ஹைபர்னேட்டை அறிவிக்காமல் நடத்துவதும் பிழை. ஹைபர்னேட்டை மெனுவில் வைத்து, அது தோற்கும்போது காரணத்தைத் திரையிலேயே காட்டினால், இந்த ஐந்து பரிகாரங்களில் பாதிக்கு மேல் தேவைப்படாது.