வெளியாள் என்றொரு தகுதி

முருங்கன் சந்தியிலிருந்து ஒரு வீதி மன்னாருக்கும், மற்றொன்று மதவாச்சிக்கும், இன்னொன்று சிலாவத்துறைக்கும் பிரிகிறது. 2013 செப்டெம்பரில் சிலாவத்துறை பஸ்ஸுக்காக அங்கே நின்றபோது, மதிலில் ஒட்டியிருந்த தேர்தல் சுவரொட்டியைக் காட்டி எங்களூர்க் காக்கா ஒருவர் கேட்டார்: “தம்பி, இவரு எந்த ஊரு?”

“கொழும்பு, காக்கா.”

“அப்ப இவரிட்ட ஆரும் பதிவு கேக்க மாட்டாங்களா?”

நான் சிரித்துவிட்டேன். காக்கா சிரிக்கவில்லை. அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் வடக்கின் முதலாவது மாகாண சபைத் தேர்தலை ஒரு பிரதியாக வாசித்துப் பார்க்க விரும்புகிறேன்.

சுவரொட்டியில் இருந்தவர் ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதியரசர் சி.வி. விக்னேஸ்வரன். 1939-இல் கொழும்பில் பிறந்தவர். 2004-இல் ஓய்வு பெற்றவர். அதுவரை எந்தக் கட்சி மேடையிலும் அரசியல் செய்யாதவர். தமிழரசுக் கட்சிக்குள் மாவை சேனாதிராஜாவின் பெயர் முன்னே நின்றபோதும் சம்பந்தன் வெளியிலிருந்து இவரை அழைத்து வந்தார். செப்டெம்பர் 21-இல் நடந்த தேர்தலில் 38 ஆசனங்களில் 30 கூட்டமைப்புக்குக் கிடைத்தன. யாழ் மாவட்டத்தில் இவருக்கு மட்டும் 1,32,255 விருப்பு வாக்குகள். அரசியல் அனுபவம் இல்லாமையே இவரது தகுதியாக முன்வைக்கப்பட்டது.

இது எமக்கு மட்டும் உரிய கதையாடல் அல்ல. அமெரிக்காவில் மாநில ஆளுநரை மக்களே தெரிவு செய்கிறார்கள். 1998-இல் மினசோட்டாவில் மல்யுத்த வீரர் ஜெசி வென்சுராவும், 2003-இல் கலிபோர்னியாவில் நடிகர் ஆர்னோல்ட் ஷ்வார்ஸ்நெகரும் ‘நான் அரசியல்வாதி அல்லன்’ என்ற முகத்தோடுதான் வென்றார்கள். எமது நிலைமை வேறு. இங்கே மக்கள் முதலமைச்சரைத் தெரிவு செய்யலாம். ஆளுநரை ஜனாதிபதி நியமிப்பார். விக்னேஸ்வரன் பதவியேற்றபோது ஆளுநர் நாற்காலியில் இருந்தவர் ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரி சந்திரசிறி. ஆக, வெளியிலிருந்து வந்தவர்கள் இருவர். ஒருவரை வாக்கு கொண்டு வந்தது, மற்றவரைக் கொழும்பு அனுப்பியது. பதின்மூன்றாம் திருத்தத்தின் கீழ் கடிவாளம் இரண்டாமவரின் கையில் இருந்தது. முதலமைச்சரின் தோல்விகளைப் பேசும் எவரும் இதை மறந்து பேசுவது நேர்மையாகாது.

ஆனால் எல்லாவற்றையும் ஆளுநரின் கணக்கில் எழுதிவிடவும் முடியாது. விக்னேஸ்வரனின் உரைகளை வாசிக்கும்போது எனக்குத் தட்டுப்படுவது தீர்ப்பின் மொழி. தீர்ப்பு உயரமான ஆசனத்திலிருந்து வருவது. எதிரில் இருப்பவர் கேட்டுக்கொள்ள வேண்டியது. அரசியலின் மொழியோ ஒரே பாயில் உட்கார்ந்து பேசுவது. 2017 ஜூனில் விசாரணைக் குழுவின் அறிக்கையை வைத்து இரு அமைச்சர்களைப் பதவி விலகவும், மற்ற இருவரை விடுமுறையில் போகவும் சொன்னார். சொந்த அணியினரே அவருக்கெதிராக நம்பிக்கையில்லாப் பிரேரணை கொடுத்தார்கள். பின்னர் மன்னாரைச் சேர்ந்த அமைச்சர் டெனீஸ்வரன் நீக்கப்பட்டு, வழக்குக்குப் போனார். 2018-இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்த நீக்கத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது. நீதியரசர் என்ற பெயரால் வாக்குக் கேட்ட ஒருவரின் கட்டளையை நீதிமன்றமே நிறுத்திவைத்தது. அதே ஆண்டு ஒக்டோபரில், சபையின் காலம் முடிந்தபோது, கட்சியற்றவராக வந்தவர் சொந்தமாக ஒரு கட்சியை அறிவித்தார்.

இனி காக்காவின் கேள்விக்கு வருகிறேன். விக்னேஸ்வரனின் பெற்றோருக்கு மானிப்பாய் வேர். அந்த வேர் போதுமானதாக இருந்தது. கொழும்பில் கழிந்த ஆயுளை யாரும் குறையாகச் சொல்லவில்லை. அது சரியானதும்கூட. ஆனால் 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட வடக்கு முஸ்லிம்களுக்கு அந்த அளவுகோல் கிடைத்ததா? நாங்கள் இந்த மண்ணிலேயே பிறந்தவர்கள். இருபது ஆண்டுகள் புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் கழித்துத் திரும்பியபோது, ஓர் அலுவலகத்தில் என்னிடம் கேட்கப்பட்டது இது: “நீங்கள் உண்மையில் எந்த மாவட்டம்?” என் பிறப்புச் சான்றிதழ் அந்த மேசையில்தான் கிடந்தது. அகதி முகாமில் பிறந்த என் பிள்ளைகளுக்கு, பெற்றோரின் வேர் என்ற அந்தச் சலுகை இருக்கவில்லை. 2017 மார்ச்சில் மாவில்லு வனப் பிரகடனம் வந்து மறிச்சுக்கட்டி மக்கள் போராட்டத்தில் இறங்கியபோது, தெற்கின் ஊடகங்களுக்கும் நாங்கள் காட்டுக்குள் புகுந்த வெளியார்தாம்.

கூட்டமைப்பு தன் போனஸ் ஆசனங்களில் ஒன்றை முஸ்லிம் ஒருவருக்குக் கொடுத்ததை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அது நல்ல சைகை. ஆனால் ஆசனம் கொடுப்பதும் காணியும் வீடும் கொடுப்பதும் ஒன்றல்ல. 2015 பெப்ரவரியில் அந்தச் சபை இனப்படுகொலைத் தீர்மானத்தை நிறைவேற்றியது. அரசுகள் தமிழருக்குச் செய்தவற்றை ஆண்டுவாரியாக அடுக்கிய பிரதி அது. அந்த வலி எமக்கு அந்நியமானதல்ல. அதே நினைவுத்திறனை 1990-க்கும் எதிர்பார்த்தோம். 2016-இல் வடக்கின் முஸ்லிம், சிங்கள அகதிகளுக்காக மத்திய அரசு செயலணி அமைத்தபோது, தன்னைச் சேர்க்கவில்லை என்று மாகாண சபை எதிர்ப்புத் தெரிவித்தது. அதிகாரப் பகிர்வின் கண்ணால் பார்த்தால் அந்த எதிர்ப்பில் நியாயம் உண்டு. கொட்டிலில் இருந்து பார்த்தவனுக்கோ, வீட்டைப் பற்றிய பேச்சு யார் கட்டுவது என்ற பேச்சாக மாறிப்போனதுதான் தெரிந்தது.

நாமும் இந்த விமர்சனத்திலிருந்து தப்ப முடியாது. மன்னாரின் ஐந்து ஆசனங்களில் ஒன்று முஸ்லிம் காங்கிரஸுக்குப் போனது; அந்த வாக்கு எந்தக் கனவுக்கு அளிக்கப்பட்டது என்று நாம் எழுதிப் பார்க்கவில்லை. கொழும்பில் அமைச்சர் ஒருவர் இருந்தால் போதும் என்று அயலூர்த் தமிழரோடு பேச வேண்டிய பேச்சைத் தள்ளிப்போட்டோம். முருங்கன் சந்தையில் ஒரே தராசில் நெல் நிறுத்தவர்கள், மீளக்குடியேற்றம் பற்றி மட்டும் அதிகாரிகள் வழியாகப் பேசிக்கொண்டோம். எமது கவிதைகளும் கதைகளும் வெளியேற்றத்தின் இரவை எழுதிய அளவுக்குத் திரும்பி வந்த பகலை எழுதவில்லை. அந்தப் பகலில்தான் பதிவு கேட்கும் மேசைகள் இருக்கின்றன.

வெளியாள் என்பது ஒருவரின் குணமல்ல. உள்ளே இருப்பவர்கள் கொடுக்கும் அல்லது மறுக்கும் அனுமதி. 2013-இல் ஒருவருக்கு அந்த அனுமதி மாலையாக விழுந்தது. அடுத்த சுவரொட்டி முருங்கன் மதிலில் ஏறும்போது, அதில் இருப்பவர் எந்த ஊர் என்று நான் கேட்க மாட்டேன். அவருக்குக் கேட்காமலே கிடைத்த பதிவு, என் பிள்ளைகளுக்கு எப்போது கிடைக்கும் என்றுதான் கேட்பேன்.