எண்ணிம உரையில் இடைக்கோடு: சேர்வராயன் மலைப் பெயர்களை முன்வைத்து ஒரு மதிப்பீடு

முன்னுரை

ஓலைச்சுவடி மரபில் இடைக்கோட்டிற்கு இடமில்லை. ஐரோப்பியர்வழி வந்த அச்சுப்பண்பாட்டோடு பிற நிறுத்தக்குறிகளைப் போலவே அதுவும் தமிழ் உரைநடைக்குள் நுழைந்தது. அச்சுத்தாளில் அக்கோட்டின் நீளம் சற்றே மாறினாலும் படிப்பவர் பொருளை உணர்ந்துகொள்வர். கணினியோ குறியெண் மாறினால் எழுத்தே மாறியதாகக் கொள்ளும். இவ்வேறுபாடு தரவக ஆய்வில் விளைவிக்கும் பிழைகளைச் சேலம் மாவட்டத்துச் சேர்வராயன் மலை, ஏற்காடு ஆகிய பெயர்களின்வழி இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

ஒரு கோடு, பல குறியெண்கள்

1963இல் வெளிவந்த ஆஸ்கி தரத்தில் இடைக்கோட்டிற்கும் கழித்தற்குறிக்கும் 45 என்னும் ஒரே எண் அமைந்தது. 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற டாப் என்னும் இருமொழிக் குறியேற்றம் தன் கீழ்ப்பாதியில் ஆஸ்கியைக் கொண்டிருந்தமையால், தமிழ் உரைகளிலும் அவ்விரட்டைப் பயன்பாடு தொடர்ந்தது. ஒருங்குறி இப்பணிகளைப் பிரித்தது. பதின்ம எண்ணில் கூறின், 8208 இடைக்கோடு, 8209 வரி முறியா இடைக்கோடு, 8211 எல்லைகளை இணைக்கும் கோடு, 8722 கழித்தற்குறி, 173 வரி முறியும் இடத்தில் மட்டும் தோன்றும் மென் இடைக்கோடு. பழைய 45உம் நீக்கப்படவில்லை. விசைப்பலகையில் இன்றும் அதுவே கிடைக்கிறது.

உரையை இயல்பாக்கம் செய்தால் இவை ஒன்றாகிவிடும் என்று கருதுவது பொருந்தாது. ஒருங்குறியின் பொருத்த இயல்பாக்கம் 8209ஐ 8208ஆக மாற்றும். 8208ஐ 45ஆக மாற்றாது. 173ஐத் தொடவே தொடாது. ஆகவே, ‘உரை இயல்பாக்கம் செய்யப்பட்டது’ என்னும் குறிப்பு மட்டும் ஆய்வாளருக்குப் போதிய உறுதி தருவதில்லை.

மலைப்பெயர்களில் இடைக்கோடு

‘சேர்வராயன் மலை’, ‘சேர்வராயன்மலை’, ‘சேர்வராயன்-மலை’ என மூவகையாக ஒரே பெயரை எழுதலாம். தொகைகள் யாவும் ஒரு சொல்லின் தன்மையுடையன என்பது தொல்காப்பிய எச்சவியலின் கொள்கை. சேர்வராயன் என்னும் மலை என விரித்தாலும், சேர்வராயனது மலை என விரித்தாலும் அது தொகையே. அதைக் காட்ட இடைக்கோடு தேவையில்லை. ஆயினும் இடைவெளியைச் சொல்லெல்லையாகக் கொள்ளும் நிரல், முதல் வடிவத்தை இரண்டு சொற்களாகவும் ஏனையவற்றைத் தனித்தனிச் சொற்களாகவும் எண்ணும்.

இடைக்கோடுகளை முற்றிலும் நீக்குவதும் தீர்வாகாது. ‘சென்னை-ஈரோடு ஏற்காடு விரைவு வண்டி’ என்னும் தொடரில் கோட்டை நீக்கினால் ‘சென்னைஈரோடு’ என்னும் இல்லாத ஊர் தோன்றும். எல்லாவற்றையும் இடைவெளியாக்குவதும் தவறே. இணையப் பக்கத்தில் வரி முறிப்பதற்காகச் செருகப்பட்ட மென் இடைக்கோடு, படியெடுக்கும்போது கண்ணுக்குப் புலப்படாமல் உடன்வரும். அதனை இடைவெளியாக்கினால் ‘சேர்வராயன்’ என்பது ‘சேர்வரா யன்’ எனச் சிதையும். ஏற்காடு என்னும் பெயரை ‘ஏரி-காடு’ எனப் பிரித்து விளக்கும் கட்டுரையிலோ, கோடு ஆய்வாளரின் கருத்தையே சுமக்கிறது. அங்கே அதனை அழிப்பது சான்றை அழிப்பதாகும். எனவே, குறியெண்ணை மட்டுமன்றிக் கோடு ஆற்றும் பணியையும் கருதியே விதி வகுத்தல் வேண்டும்.

பொதுத் தேடுபொறிகள் நிறுத்தக்குறிகளைப் பெரும்பாலும் புறக்கணிப்பதால் இச்சிக்கல் பெரிதன்று எனக் கூறலாம். ஆனால் சொல்லடைவும் வழக்கெண்ணிக்கையும் ஆய்வாளர் தாமே அமைத்த நிரலால் பெறப்படுவன. அங்கு அத்தகைய சலுகை தானாகக் கிடைப்பதில்லை.

முடிவுரை

ஏற்காடு போன்ற பெயர் பெற்ற ஊர் சில பதிவுகளை இழந்தாலும் தரவகத்தில் நிலைபெறும். மலையாளிப் பழங்குடியினர் வாழும் சிற்றூர்களின் நிலை அவ்வாறன்று. தரவகத்தில் ஐந்தே இடங்களில் வரும் ஊர்ப்பெயர் இரண்டில் கோட்டு வேறுபாட்டால் விடுபடுமாயின், அதன் பதிவில் ஐந்தில் இரு பங்கு மறைந்துவிடும். அம்மறைவு ‘வழக்குக் குறைவு’ என்று ஆய்வு முடிவாகவும் எழுதப்படலாம். மூலப்படியை மாற்றாது பேணுதல், தேடலுக்கெனத் தனிப்படி அமைத்தல், மென் இடைக்கோட்டை நீக்குதல், தொகைப்பெயரின் மூன்று வடிவங்களையும் ஒரே தலைச்சொல்லின்கீழ் அடக்குதல், இவ்விதிகளை ஆய்வேட்டின் முறையியலில் வெளிப்படக் கூறுதல் ஆகியவை இதற்குரிய வழிகள். எழுத்துகளின் குறியேற்றத்திற்குத் தமிழாய்வுலகம் காட்டிய அக்கறை நிறுத்தக்குறிகளுக்கும் நீளுதல் இன்றியமையாதது.